மழை பொய்த்த ஆண்டில் காடை தேடல்

காடை என்றதும் நம் மாணவர்க்கு நினைவில் எழுவது சந்தையில் விற்கும் புள்ளியிட்ட சிறு முட்டையே. பண்ணையில் வளரும் அப்பறவையைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. ஆயினும் காடையைத் தேடிக் கண்டடைவதே ஒரு கல்வியாக விளங்கும் நிலங்களும் உலகில் உள. அமெரிக்காவின் தென்மேற்கில் அமைந்த அரிசோனா மாநிலம் அவற்றுள் ஒன்று. அங்கே காடை வேட்டைப் பருவம் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கம் வரை நீள்கிறது. மழை பொய்த்த ஓர் ஆண்டில் முதன்முதலாக வேட்டைக்குப் புறப்படும் ஒருவர் பறவையை எங்கே தேடுவது என்பதே நாம் ஈண்டு விளக்க எடுத்துக்கொண்ட பொருள். நம்முள் துப்பாக்கி ஏந்தப் போகிறவர் அரியர். எனினும், மழைக்கும் புல்லுக்கும் பறவைக்கும் உள்ள உறவை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பொருள் எளிதில் கிட்டாது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பழந்தமிழர் குறும்பூழ் என்று அழைத்த நம் காடையும் அமெரிக்கக் காடைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பறவையியலார் அவற்றை இரு வேறு குடும்பங்களாகப் பிரித்துள்ளனர். உருவும் நடையும் ஒத்திருந்தமையால் குடியேறிய ஐரோப்பியர் தம் ஊர்ப் பறவையின் பெயரையே அங்குள்ளவற்றுக்கும் இட்டனர். நாமும் அவ்வழியே காடை என்றே குறிப்போம்.

பாலைவனத்திலும் வறட்சி என ஒன்று தனியே உண்டோ என்று வினவலாம். உண்டு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுவதை நாம் வகுப்பறையில் பலகாலும் கற்பித்திருக்கிறோம். பாலை என்பது அங்கே ஓர் இடத்தின் பெயரன்று, நிலம் அடையும் ஒரு நிலையின் பெயர். அரிசோனாவின் சொனோரன் பாலைவனமும் மழை பெய்த ஆண்டில் வசந்தத்தில் சிறு செடிகளால் பசுமை போர்க்கும், பூக்கும், பூச்சிகள் மொய்க்கும். அப்பசுமை தோன்றாது போகும் ஆண்டையே அங்குள்ளோர் வறட்சி ஆண்டு என்பர்.

புதியவர் செய்யும் முதற்பிழை, வறட்சியில் பறவைகள் நீரருகே கூடும் என எண்ணி நீர்நிலையைத் தேடி ஓடுவது. இவ்வெண்ணம் முற்றும் பொய்யன்று. ஆனால் கேள்வியே பிழையானது. 'இப்போது நீர் எங்கே உள்ளது?' என்பதைவிட, 'சென்ற பருவங்களில் மழை எங்கே பெய்தது?' என்பதே அவர் கேட்க வேண்டிய கேள்வி. காடை குறுகிய ஆயுளுடையது. ஓராண்டில் உயிரோடிருக்கும் பறவைகளுள் பெரும்பாலானவை அடுத்த ஆண்டைக் காண்பதில்லை. ஆகவே இலையுதிர்காலத்தில் பறவை மிகுந்திருப்பதும் குறைந்திருப்பதும் அவ்வாண்டு பொரித்த குஞ்சுகளையே பொறுத்தது. குஞ்சுகளோ மழையைப் பொறுத்தவை.

இங்கேதான் அரிசோனாவின் தனித்தன்மை புலப்படுகிறது. அந்நிலத்திற்கு மழை இருமுறை வருகிறது. குளிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் மெல்லிய, நீடித்த மழை ஒன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டும் கோடை மழை மற்றொன்று. இதனை அங்குள்ளோரும் பருவமழை என்றே வழங்குகின்றனர். அங்கு வாழும் மூவகைக் காடைகளும் இவ்விரு மழைகளையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன போலும்.

தலையில் முன்னோக்கி வளைந்த கருங்கொண்டையுடைய காம்பெல் காடை தாழ்ந்த பாலைவனத்துப் பறவை. இது குளிர்கால மழையை நம்பி வாழ்வது. அக்டோபர் முதல் மார்ச் வரை போதிய மழை பெய்தால் சிறு செடிகள் முளைக்கும். அவற்றின் பசுந்தழையை உண்ட பின்னரே இப்பறவையின் உடல் இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகிறது. மழை பொய்த்தால் வசந்தம் வந்தும் கூட்டம் கலைவதில்லை; இணைகள் பிரிந்து கூடு கட்டுவதில்லை. பசுந்தழையிலுள்ள உயிர்ச்சத்து ஏ கிட்டாமையே காரணம் என்று சிலர் கருதினர். 1976ஆம் ஆண்டில் ஸ்டார்க்கர் லியோபோல்டும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாக் காடையை ஆராய்ந்து வேறொரு விளக்கம் தந்தனர். வறண்ட ஆண்டில் குன்றி வளரும் செடிகளின் இலைகளில் பெண்மைச் சுரப்பை ஒத்த வேதிப்பொருள்கள் மிகுகின்றன என்றும், அவற்றை உண்ணும் பறவைகளின் இனப்பெருக்கம் தடைபடுகிறது என்றும் அவர்கள் கூறினர். அதாவது, உணவே பறவைக்கு 'இவ்வாண்டு வேண்டா' என்று சொல்லிவிடுகிறது. இக்கருத்தை எல்லாரும் ஏற்றாரல்லர். ஆயினும் இதனைப் படித்தபோது நாம் வியப்புற்றதை மறைப்பதற்கில்லை.

இரண்டாவது, தென்கிழக்குப் புல்வெளிகளில் வாழும் செதிற்காடை. மார்பிறகுகள் மீன்செதில் போல அடுக்கப்பட்டுக் காணப்படுவதால் இப்பெயர். இது பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். புதியவரைக் களைப்பில் ஆழ்த்தும். மூன்றாவது மான்டெசூமா காடை. மெக்சிகோ எல்லையை ஒட்டிய மலைகளில், கருவாலி மரங்களுக்கு இடையே புல்லடர்ந்த சரிவுகளில் வாழ்வது. இவ்விரண்டும் கோடை மழையை நம்புபவை. அதிலும் மான்டெசூமா காடை அம்மழை தொடங்கிய பின்னரே முட்டையிடும்.

எனவே புதியவர் வீட்டை விட்டுப் புறப்படுமுன் மழைக்கணக்கைப் பார்க்க வேண்டும். குளிர்கால மழை பொய்த்துக் கோடை மழை நன்கு பெய்திருந்தால், பீனிக்ஸ் நகரைச் சூழ்ந்த தாழ்நிலத்தை விடுத்துத் தென்கிழக்கே பட்டகோனியா, சொனோய்ட்டா ஊர்களை அடுத்த கொரொனாடோ தேசிய வனத்திற்குச் செல்வது தகும். குளிர்கால மழை பெய்து கோடை மழை பொய்த்திருந்தால் இதற்கு மாறாக டொன்ட்டோ தேசிய வனத்தின் அடிவாரங்களில் காம்பெல் காடையைத் தேடலாம். இரண்டும் பொய்த்த ஆண்டிலும் வழியுண்டு. கோடை இடிமழை திட்டுத் திட்டாகப் பெய்வது. குன்றின் ஒரு பக்கம் நனைய மறுபக்கம் காய்ந்திருக்கும். அத்தகைய ஓரிரு பள்ளத்தாக்குகளை மழைப்பதிவு வரைபடத்தில் கண்டறிவதே பாதி வேலை.

மறுபாதியைக் கால்களே செய்ய வேண்டும். அடிவாரங்களில் வறண்ட ஓடைத்தடங்களைப் பின்பற்றி நடப்பது நன்று. அவற்றின் கரைகளில் நிழலும் புதரும் விதையும் ஒருங்கே கிட்டும். அங்கு மிகுதியாக நிற்கும் மெஸ்கீட் மரம் வேறு யாதுமன்று, தமிழக ஊர்ப்புறங்களை மூடிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவே. சப்பாத்திக்கள்ளியின் பழமும் பறவைக்கு உணவோடு ஈரமும் தருகிறது. மணலில் மூவிரல் தடம், புழுதியில் குளித்த குழிகள், புதரடியில் எச்சம் ஆகியவற்றைக் காண வேண்டும். அவை புதியனவா பழையனவா என்று நோக்க வேண்டும். விடியலில் ஓரிடத்தில் அசையாது நின்று கேட்பது இவை எல்லாவற்றினும் சிறந்தது. கூட்டத்தைச் சேர்க்கும் காம்பெல் காடையின் குரல் நெடுந்தொலைவு கேட்கும். மான்டெசூமா காடையோ வாய் திறவாது புல்லில் பதுங்கும். காலடியில் மிதிபடும் அளவு நெருங்கினால்தான் எழும். ஆனால் அது புளியாரை, கோரை ஆகியவற்றின் கிழங்குகளைத் தோண்டி உண்பது. தோண்டிய சிறு குழிகளில் மண் இன்னும் ஈரமாயிருந்தால் பறவை அண்மையில் உள்ளது என அறியலாம்.

வேலியின் இருபுறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் புதியவர் பழக வேண்டும். ஒரே மழை பெய்த நிலத்தில், மாடுகள் ஒட்ட மேய்ந்த புறம் வெறுமையாகவும் மேயாத புறம் புல்லோடும் இருக்கும். வறட்சியில் மேய்ச்சலின் தீங்கு இருமடங்காகும். மறைவிடம் அற்ற நிலத்தில் மழை பெய்திருந்தும் காடை தங்காது.

இனி நீர். வெப்பம் தணியாத அக்டோபரில் காம்பெல் காடைகள் நீரை அடுத்தே உலவும் என்பது உண்மை. 1940களில் கலிபோர்னியாவில் காடைகளுக்கென்றே மழைநீரைச் சேமிக்கும் மூடுதொட்டிகளை அமைக்கலாயினர். அரிசோனாவிலும் அவை பரவின. இத்தொட்டிகளின் அருகே துப்பாக்கியோடு காத்திருப்பது எளிது. எளிது என்பதாலேயே அதை நாம் ஏற்கவில்லை. வறண்ட வெளியில் எஞ்சிய கூட்டமெல்லாம் ஒரு தொட்டியை நம்பியிருக்க, அதனருகே அமர்ந்திருப்பவர் வேட்டையாடவில்லை, வழிமறிக்கிறார். விலங்கும் கால்நடையும் நீரை அணுக முடியாதபடி நீர்நிலையிலிருந்து கால் மைல் தொலைவுக்குள் முகாமிடுவதை அரிசோனாச் சட்டமும் தடுக்கிறது. தொட்டி எங்குள்ளது என்று அறிந்துகொண்டு, அதிலிருந்து விலகி மேய்ச்சல் இடங்களில் தேடுவதே முறை. உரிமச்சீட்டும், நிலம் பொதுநிலமா தனியார் நிலமா பழங்குடியினர் நிலமா என்ற தெளிவும் இன்றியமையாதன என்பதை விரிக்க வேண்டியதில்லை. நாய்க்கு வேண்டிய நீரையும், கள்ளிமுள்ளைப் பிடுங்க ஓர் இடுக்கியையும் மறவாமல் கொண்டு செல்ல வேண்டும்.

எத்தனை பறவைகளை வீழ்த்தலாம்? ஒரு நாளைக்குப் பதினைந்து, அவற்றுள் மான்டெசூமா காடை எட்டுக்கு மேற்படாது என்பது அங்குள்ள விதி. வறண்ட ஆண்டில் வேட்டைக்காரரும் குறைந்துவிடுவதாலும், வீழ்த்தப்படும் பறவைகளுட் பல எவ்வாறேனும் மடியக்கூடியவை என்பதாலும் இவ்வரம்பு போதும் என்பது ஒரு சாரார் வாதம். இலையுதிர்காலத் தொடக்கத்திற்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் குளிரையும் பசியையும் தாண்டி ஜனவரி இறுதிவரை உயிர்த்திருக்கும் பறவை, வசந்தத்தில் முட்டையிடும் வாய்ப்பு மிக்கது. அதை வீழ்த்துவதும் அக்டோபரில் ஒன்றை வீழ்த்துவதும் ஒன்றாகா. வீழ்த்திய முதற் பறவையின் சிறகை விரித்துப் பார்ப்பது நன்று. சிறகின் மேல்விளிம்பில் முதன்மை இறகுகளை மூடிய சிற்றிறகுகளின் நுனி வெளிறியிருந்தால் அது அவ்வாண்டுக் குஞ்சு. ஒரே நிறமாயிருந்தால் முதிர்ந்தது. கையில் வருவன யாவும் முதிர்ந்தவையாயின் அவ்வாண்டு குஞ்சுகள் பொரியவில்லை என்பது பொருள். அத்தகைய கூட்டத்தில் ஓரிரண்டோடு நிறுத்திக்கொண்டு, சிதறிய பறவைகள் இருட்டுமுன் ஒன்றுகூடுமாறு மாலையில் முன்னதாகவே திரும்பிவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

திரும்பும் வழியில் எந்தச் சரிவில் புல் நின்றது, எந்த ஓடையில் குரல் கேட்டது, சிறகு நுனி எந்நிறம் என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பின் பிப்ரவரியில் ஒருமுறை துப்பாக்கியின்றி அதே ஓடைக்குச் சென்று, மணலில் பசுந்தளிர் முளைத்திருக்கிறதா என்று பார்த்து அதையும் அக்குறிப்பின் கீழ் எழுதலாம். அடுத்த அக்டோபரில் அவர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுவே.