மாத்திரையை நிறுத்தாதீர்கள்: வில்சன் நோய் வந்த வீட்டுக்கு

பத்தாம் வகுப்புப் பையன். ஜூனில் எழுதிய நோட்டில் எழுத்து கோட்டின்மேல் நேராக நிற்கிறது. நவம்பரில் கோட்டுக்குக் கீழே இறங்கி, எறும்பளவு சுருங்கிவிட்டது. பேச்சு குழறுகிறது, எச்சில் வழிகிறது. பள்ளியில் ‘கவனமில்லை’ என்றார்கள். ஊரில் ‘காத்து கருப்பு’ என்று தாயத்து கட்டினார்கள். நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. இதே கதையோடு வருகிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவில்லை.

வில்சன் நோய் இது. சாப்பாட்டில் மிஞ்சும் தாமிரத்தைக் கல்லீரல்தான் பித்தநீரோடு வெளியே தள்ளும். ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் அந்த வேலை நின்றுபோகும். தாமிரம் கல்லீரலில் சேர்ந்து, பிறகு மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில் படியும். நடுக்கமும் கை கால் முறுக்கலும் அதனால்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். அவர்களோ நன்றாகவே இருப்பார்கள். சொந்தத்தில் கட்டியிருந்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

பரம்பரை நோய்தானே, தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள். 1956 முதலே இதற்கு மருந்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் மூன்று சோதனைகள்: ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, கண் மருத்துவரின் ஸ்லிட் லாம்ப் கருவியில் கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம். இந்தக் கடைசிச் சோதனையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். காலையின் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் கழித்துவிட்டு நேரத்தைக் குறியுங்கள். பிறகு போவது அத்தனையையும், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் உட்பட, சேர்க்க வேண்டும். ஆய்வகம் தரும் கேன் மட்டும்தான். வீட்டுப் பாத்திரம் எதுவும் கூடாது. செம்புக் குடத்துத் தண்ணீரை அன்றே நிறுத்துங்கள்.

நோய் உறுதியாகி, மருந்தாகப் பெனிசிலமின் தந்தால் வெறும் வயிற்றில், கூடவே மருத்துவர் எழுதும் பி6 மாத்திரை. தொடங்கிய புதிதில் சிலருக்கு நடுக்கம் கூடும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்டது என்றும் நிறுத்தாதீர்கள். கர்ப்பமானாலும் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை, நிறுத்துவது கூடாது. நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் சட்டென்று செயலிழந்து உயிரே போயிருக்கிறது.

அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். ‘நடக்கிறானே, இவனுக்கு எதற்கு?’ என்று திருப்பி அனுப்பும் அதிகாரிகள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படிக்கட்டும். நரம்புப் பாதிப்பால் உடலை அசைக்க முடியாமல் போவதும் அதில் ஊனம்தான். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ படம், கூடவே நரம்பியல் மருத்துவரின் கடிதம். அந்தக் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, எழுத முடியவில்லை, விழுங்கத் திணறுகிறான் என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளரையும் கூடுதல் நேரத்தையும் தலைமையாசிரியர் வழியே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பையனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், ஏழாம் வகுப்பு. உடன்பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி வருமுன் மருந்து தொடங்கினால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். ‘அவ நல்லாத்தானே இருக்கா’ என்கிறார் அம்மா. இன்னும் ரத்தம் எடுக்கவில்லை.