குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?

நான் செய்த முதல் அனிமேஷன் படம் 4 விநாடி ஓடும். இடுப்பில் குடம் வைத்த ஒரு பெண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து போவாள். அவ்வளவுதான். அதற்கு லைட் பாக்ஸின் மேல் தாளை மாற்றி மாற்றி வைத்து 48 படங்கள் வரைந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் செல்போனில் அம்மாவிடம் காட்டினேன். தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது காலிக் குடம்டி."

48 படங்களிலும் குடத்தின் விளிம்பு வரை தண்ணீர் வரைந்திருந்தேன். அம்மா அந்தப் பெண்ணின் இடுப்பைப் பார்த்திருக்கிறார்.

பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளெல்லாம் பத்துப் பன்னிரண்டு குடம் சுமந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் சுமக்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சென்னையில் அனிமேஷன் படிக்க வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இந்த மூன்று வருடத்தில் அந்த ஒரே குடத்தை மூன்று தடவை புதிதாகத் தெரிந்துகொண்டேன்.

பென்சில் கேட்ட கேள்வி

முதல் வாரம், ஸ்டூலின் மேல் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து வரையச் சொன்னார் மாஸ்டர். வாயை நீள்வட்டமாகவும் அடிப்பாகத்தை நேர்க்கோடாகவும் வரைந்தேன். குடம் சமதளத்தில்தானே உட்கார்ந்திருக்கிறது? மாஸ்டர் திருத்தவில்லை. குனிந்து, குடத்தின் வாயும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பார்க்கச் சொன்னார். வட்டமான வாய் ஒரு கோடாகிவிட்டது. மெல்ல நிமிரச் சொன்னார். கோடு திறந்து நீள்வட்டமானது. கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக அந்த நீள்வட்டம் விரியும். அப்படியென்றால் குடத்தின் அடி, அதன் வாயைவிட அதிகமாக வளைந்து தெரிய வேண்டும். நான் கோடு போட்டிருந்த இடமே அதுதான்.

குடம் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் ஏற்கெனவே பதிந்ததைக் கை எழுதிவிடுகிறது. கண் அதைத் தடுத்து நிறுத்தப் பழக வேண்டும். ஓவியப் பயிற்சி என்பது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான். பிளாஸ்டிக் குடம், பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம் என்று ஒரு மாதம் வேறு எதையும் வரையவில்லை. 'இங்கே நின்று பார்த்தால் இது எப்படித் தெரிகிறது?' பென்சில் கேட்பது அந்த ஒரு கேள்விதான்.

எடையை எப்படி வரைவது?

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. கையால் வரையும்போது பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைப்போம். அதனால் விநாடிக்கு 12 படம் போதும். எல்லா மாணவர்களுக்கும் முதல் பாடம், தரையில் விழுந்து எழும்பும் பந்து. பந்து உச்சிக்குப் போகும்போது வேகம் குறையும் என்பதால் அங்கே படங்கள் நெருங்கி நிற்கும். தரையை நெருங்கும்போது விலகி விலகி நிற்கும். அதே வட்டத்தை அதிகம் எழும்ப விடாமல் ஒரே துள்ளலில் நிறுத்திவிட்டால் அது இரும்புக் குண்டு. வரைந்த வட்டம் ஒன்றுதான். எடையைக் காட்டுவது அதன் அசைவு.

டிஸ்னி நிறுவனத்தின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் இப்படிப்பட்ட 12 விதிகளை 1981-இல் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். இன்றும் உலகம் முழுக்க மாணவர்கள் படிப்பது அவற்றைத்தான். நானும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆனாலும் என் குடம் காலியாகத்தான் இருந்தது.

அம்மா சொன்ன மறுநாள் காலை, அவரையே குழாயடியிலிருந்து வீடு வரை இரண்டு தடவை நடக்கச் சொல்லி வீடியோ எடுத்தேன். முதலில் காலிக் குடம், பிறகு நிறைகுடம். 15 லிட்டர் பிடிக்கும் குடம் அது, தண்ணீர் மட்டுமே 15 கிலோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். நிறைகுடத்தோடு இடது இடுப்பு வெளியே தள்ளி நின்றது. மேலுடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. வலது கை சும்மா தொங்காமல், எடைக்கு எடை போடுவதுபோல் விலகி நின்றது. எடுத்து வைக்கும் அடி சிறுத்தது. இரண்டு பாதங்களும் ஒன்றாகத் தரையில் இருக்கும் நேரம் கூடியது. தலை மட்டும் அசையவே இல்லை, தண்ணீர் சிந்தக் கூடாதே! நான் வரைந்த பெண்ணோ கை வீசிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

அம்மாவுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வேலை

மூன்றாவது தடவை குடத்தைக் கம்ப்யூட்டருக்குள் செய்தேன். பிளெண்டர் என்ற மென்பொருளில் குடத்தின் ஒரு பக்க வளைவை மட்டும் கோடாக வரைந்து, நடு அச்சைச் சுற்றிச் சுழற்றினால் முழுக் குடம் வந்துவிடும். குயவர் சக்கரத்தின் கணக்குத்தான் இது. ஆனால் திரையில் அது பொம்மைபோல் இருந்தது. வாய் விளிம்புக்குத் தடிமன் இல்லை. முனைகள் கத்திபோல் கூராக இருந்தன. நிஜக் குடத்தின் விளிம்பு சற்று மழுங்கி இருப்பதால்தான் அங்கே வெளிச்சம் ஒரு கோடாக மின்னுகிறது. 'இது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது?' மாடலிங் கேட்கும் கேள்வி இது.

அடுத்து, குடத்துக்கு நிறமும் கீறலும் பாசியும் ஏற்ற வேண்டும். அதற்கு அதன் மேற்பரப்பை வெட்டித் தட்டையாக விரிக்க வேண்டும். வெட்டும் கோட்டுக்கு மென்பொருளில் பெயரே 'சீம்', அதாவது தையல். எங்கே வெட்டினாலும் படம் இழுபட்டது. லேப்டாப்பில் இதைப் பார்த்த அம்மா உடனே சொன்னார்: "டாட் பிடிக்காம ஜாக்கெட் தைக்க முடியுமா? கழுத்தைத் தனியா வெட்டு. வயித்துப் பக்கம் நாலு துண்டா எடு." அப்படியே செய்தேன். சுருக்கமே இல்லாமல் விரிந்தது.

பாத்திரத்தை வைத்துப் பழகுவது இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1975-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கிராஃப் தாளில் வரைந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் பலரும் தங்கள் புதிய முறைகளை அந்தக் கெண்டியின் மேல்தான் சோதித்தார்கள். அசல் கெண்டி இன்று கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கல்லூரியில் சேரும் முன் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்தேன். அம்மா சீட்டு எடுத்துக் கட்டிய பணம். எந்த பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். முடித்து வந்தபோது எனக்கு ஒரு குடம் வரையத் தெரியாது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: பணம் கட்டும் முன் வகுப்பறையைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கையில் ஸ்கெட்ச் புத்தகம் இருக்கிறதா? நிஜ மனிதர்களைப் பார்த்து வரைகிறார்களா? இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். மென்பொருளுக்காகக் கடன் வாங்கவும் வேண்டாம். பிளெண்டர் 2002 முதல் எல்லோருக்கும் இலவசம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியா நாட்டு 'ஃப்ளோ' படம் அதில்தான் உருவானது.

இந்த வருடம் என் குடத்துப் பெண்ணை முப்பரிமாணத்தில் மறுபடி நடக்க வைத்தேன். 10 விநாடி, 240 ஃப்ரேம். என் பழைய லேப்டாப் ஒரு ஃப்ரேமை முடிக்க 4 நிமிடம் எடுத்தது. மொத்தம் 16 மணி நேரம் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். இந்தத் தடவை மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். படம் முடிந்து திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. மூன்றாவது சுற்றில் சொன்னார்:

"கொஞ்ச நேரம் இறக்கி வைக்கச் சொல்லுடி, பாவம்."