எண்ணிக்கை வேறு, இலக்கம் வேறு

கடனுக்குக் கொடுத்த பொருளுக்குப் பணம் வராவிட்டால் வியாபாரிக்கு நஷ்டம். கடனைத் தீர்த்துவிட்ட மனிதரிடம் மீண்டும் கடன் கேட்டால் அது பணத்தால் அளக்க முடியாத நஷ்டம். அப்படியொரு நஷ்டத்தை நான் பட்டிருக்கிறேன். காரணம் ஒரேயொரு பூச்சியம்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது ஹார்ட்வெயார் கடையின் கடன் கொப்பிகளைக் கணனியில் ஏற்றினோம். கொப்பிகள் இரண்டு இருந்தன. முதலாவது கொப்பியில் வாடிக்கையாளர்களுக்கு 1, 2, 3 என்று இலக்கமிட்டிருந்தோம். இரண்டாவது கொப்பியை ஆரம்பித்தபோது குழப்பம் வரக்கூடாதென்று ஒவ்வோர் இலக்கத்துக்கும் முன்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்த்தோம். கொப்பி எழுதிய எமக்கு 12 ஒருவர், 012 இன்னொருவர். கணனி பூச்சியத்தைத் தள்ளிவிட்டு இருவரையும் 12 ஆக்கியது. இருவரின் கடனும் ஒரே கணக்கில் கூட்டப்பட்டது. நாமும் பார்க்காமல் கடிதம் அனுப்பிவிட்டோம்.

கடிதத்தோடு அவர் கடைக்கு வந்தார். “நானா, என்ட கணக்கு தீர்ந்து மூணு மாசமாகுது. இது ஆர்ட கடன்?” என்று கேட்டார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். கொப்பியை எடுத்துப் பார்த்து, தவறு எம்முடையது என்று அதே ஆட்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

பின்னர் யோசித்தபோது விளங்கியது, கணனி தவறு செய்யவில்லை என்பது. நாம் அதற்கு மூன்று விடயங்களை ஒன்றாகக் கலந்து கொடுத்திருந்தோம்.

முதலாவது எண்ணிக்கை. கடையில் 12 மூடை சீமெந்து இருக்கிறது என்றால் அது ஓர் அளவு. கூட்டலாம், கழிக்கலாம், விலையால் பெருக்கலாம்.

இரண்டாவது அந்த அளவை எழுதும் வடிவம். பன்னிரண்டை 12 என்று எழுதலாம், 012 என்றும் எழுதலாம். பழைய தமிழ்க் கணக்கேடுகளில் ௰௨ என்று எழுதினார்கள். வடிவம் மாறினாலும் மூடையின் தொகை மாறுவதில்லை.

மூன்றாவது அடையாளம். தொலைபேசி இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் இந்த வகை. இவை எண் உருவத்தில் இருக்கும் பெயர்கள். இரண்டு பேரின் தொலைபேசி இலக்கங்களைக் கூட்டி யாருக்கு என்ன பயன்? இங்கே வடிவம்தான் எல்லாம். முன்னாலுள்ள பூச்சியம் பெயரின் முதலெழுத்தைப் போன்றது.

ஒரு துறையில் என்னென்ன பொருட்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன தன்மைகள் உள்ளன என்று முறையாக வகுத்து வைப்பதைக் கணனித் துறையினர் ஒன்டோலொஜி என்கிறார்கள். அதற்கென 2004 ஆம் ஆண்டில் ஓ.டபிள்யு.எல். என்ற சர்வதேச நியம மொழியும் வெளியிடப்பட்டது. அந்த வகை நியமங்களில் எண்ணின் பெறுமதியும் அது எழுதப்படும் வடிவமும் தனித்தனியாகவே கொள்ளப்படுகின்றன. முழு எண் என்று அறிவித்தால் 12 உம் 012 உம் ஒரே பெறுமதி. எழுத்துத் தொடர் என்று அறிவித்தால் இரண்டும் வெவ்வேறு. எமது கடைக்கு மென்பொருள் செய்ய வருபவர் இந்த முடிவை எம்மிடம் கேட்காமல் தானே எடுத்துவிட்டால் விளைவை அனுபவிப்பது நாம்தான்.

நாளாந்தம் காணும் சில உதாரணங்களைப் பார்ப்போம்.

பார்கோட்டில் 13 இலக்கங்கள் உள்ளன. எக்ஸெல் தாளில் அதைச் சாதாரணமாகத் தட்டினால் 4.79 என்று தொடங்கும் ஒரு சுருக்க வடிவம் தோன்றும். 16 இலக்கமுள்ள அட்டை இலக்கத்தைத் தட்டினால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். ஏனெனில் எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியமாக வைத்திருப்பதில்லை. தட்டுவதற்கு முன் அந்த நிரலை எழுத்து வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பார்கோட்டின் கடைசி இலக்கம் முன்னுள்ள 12 இலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. ஏதாவது ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டினால் அது காட்டிக்கொடுத்துவிடும். தொடக்கத்திலுள்ள 479, அந்த இலக்கம் இலங்கையில் வழங்கப்பட்டது என்பதையே காட்டும். பொருள் இலங்கையில் செய்யப்பட்டது என்பதற்கு அது ஆதாரமல்ல.

கம்பியின் கேஜ் இன்னொரு பொறி. 16 ஆம் கேஜ் கம்பி 10 ஆம் கேஜ் கம்பியை விட மெல்லியது. எண் பெரிது, கம்பி சிறிது. வரிசை காட்டும் இத்தகைய இலக்கங்களைக் கூட்டிச் சராசரி பார்ப்பதில் அர்த்தமில்லை.

எமக்கு நடந்ததற்கு நேர்மாறானதும் நடக்கும். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். பழைய அட்டையைக் கொடுத்துக் கணக்குத் திறந்தவர் புதிய அட்டையோடு வந்தால், கணனி அவரை வேறொருவராகப் பதிந்து இரண்டாவது கடன் எல்லையையும் கொடுத்துவிடும். தொலைபேசியும் அப்படியே. 077 என்று தொடங்குவதையும் அதையே 9477 என்று எழுதுவதையும் கணனி இரண்டு பேராக எண்ணும்.

காசோலையில் தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதச் சொல்வதும் இதே எச்சரிக்கையால்தான். இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே சட்டப்படி செல்லுபடியாகும் என்பது மாற்றுண்டியல் சட்டத்தின் விதி. ஆனால் முரண்பட்ட காசோலையை வங்கி திருப்பி அனுப்பிவிடலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே மென்பொருள் செய்விக்கும் முன் ஒரு தாளை எடுத்து, கடையில் எண்ணால் எழுதும் ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரே கேள்வி: இதைக் கூட்டினால் அர்த்தம் வருமா? வருமென்றால் அது எண்ணிக்கை, கூடவே அலகையும் எழுதுங்கள். மூடையா, கிலோவா, அடியா என்று தெரியாத 12 யாருக்கும் உதவாது. வராதென்றால் எழுத்து வகையில் பதியச் சொல்லுங்கள்.

பொருளுக்கு இலக்கமிடும்போது விலையையோ ராக்கை இலக்கத்தையோ அதற்குள் வைக்காதீர்கள். விலை மாறும், ராக்கையும் மாறும், அடையாளம் மாறக்கூடாது. ஒரு வாடிக்கையாளர் விலகிப் போனாலும் அவருடைய இலக்கத்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

எமது கடையில் இப்போது முதலாவது கொப்பிக்காரர்களுக்கு ‘அ’, இரண்டாவது கொப்பிக்காரர்களுக்கு ‘ஆ’ என்று எழுத்துடன் இலக்கம் உண்டு. அன்று கடிதத்தோடு வந்தவர் அ-12. இன்றும் எம்மிடம்தான் சாமான் எடுக்கிறார். காசு கட்டியதும் பற்றுச்சீட்டில் தன் இலக்கத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்துப் பையில் வைப்பார். அதில் எனக்குக் கோபமில்லை.