சிவப்பு மேலாடையும் வெள்ளை அங்கியும்

2013-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் மாலை. உரோமாபுரியில் மழை தூறிக்கொண்டிருந்தது. புனித பேதுரு பேராலயத்தின் முன்னுள்ள பெருமுற்றத்தில் பல்லாயிரவர் குடைபிடித்து நின்றனர். புகைபோக்கியில் வெண்புகை எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. மாடத்தின் திரை விலகியது. புதிய போப்பாண்டவர் தோன்றினார். அர்ச்சென்தீனா நாட்டின் தலைநகராகிய புவெனஸ் அயர்சில் பேராயராய் இருந்த கர்தினால் பெர்கோலியோ, பிரான்சிஸ் என்னும் பெயரை ஏற்று வந்து நின்றார். அவருக்கு முன்னிருந்த 265 பேரில் ஒருவரும் அப்பெயரைச் சூடியதில்லை.

வழக்கம் அறிந்தவர்கள் உடனே ஒன்றைக் கவனித்தனர். இத்தகைய வேளையில் போப்பாண்டவர்கள் தோள்களைச் சுற்றி அணியும் சிவப்புக் குறுமேலாடை அவரிடம் இல்லை. வெறும் வெள்ளை அங்கி. மார்பில் தம் ஊரில் அணிந்திருந்த அதே பழைய சிலுவை. அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் வாழ்த்துவதைப்போல் “மாலை வணக்கம்” என்று இத்தாலிய மொழியில் சொன்னார். ஆசி வழங்குமுன், தமக்காக இறைவனை வேண்டுமாறு மக்களைக் கேட்டுத் தலை தாழ்த்தி நின்றார். அந்தப் பெருங்கூட்டம் அமைதியில் ஆழ்ந்தது.

அன்றிரவு தமக்கெனக் காத்திருந்த காரை விடுத்து, மற்றக் கர்தினால்மாருடன் பேருந்தில் சென்றார். மறுநாள், தேர்தலுக்குமுன் தாம் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று தம் கணக்கைத் தாமே தீர்த்தார். அரண்மனையின் மேல்தளத்தில் குடியேறாமல், சாந்தா மார்த்தா என்னும் விருந்தினர் இல்லத்திலேயே தங்கிவிட்டார். செந்நிறக் காலணிக்கு மாறாகத் தம் கருநிறக் காலணியையே அணிந்தார்.

நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். ஆயினும் செய்தித்தாள்களில் இவற்றைப் படித்தபோது, உலகத்தார் பலரையும்போல் நானும் மகிழ்ந்தேன். கத்தோலிக்கரிலும் மிகப் பலர் மகிழ்ந்தனர். அவர்கள் மகிழ்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களாகிய உங்களுக்கே அது விளங்கும். அவர்களுள் ஒரு சாரார் வருந்தினார்கள் என்பதுதான் விளக்கம் வேண்டி நிற்பது. வருந்தியவர்கள் அனைவரையும் ஆடம்பரப் பிரியர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நானும் தொடக்கத்தில் அப்படியே எண்ணினேன். அது பிழை.

நீதிபதி ஒருவர் கருப்பு அங்கி அணிந்து அமர்வது தம் அழகுக்காகவா? அன்று. இன்னார் மகன், இன்ன ஊரினர் என்னும் மனிதரை அந்த அங்கி மறைத்துவிடுகிறது. அங்கே நீதி அமர்ந்திருக்கிறது என்று நமக்குக் காட்டுகிறது. போப்பாண்டவரின் உடையையும் கத்தோலிக்கருள் மரபு பேணுவோர் இவ்வாறே கண்டனர். முன்னோர் அணிந்ததை அணிபவர் முன்னோர் வரிசையில் மறைந்துபோகிறார். அதனைக் களைபவரோ தனித்துத் தெரிகிறார். ‘எளிமை’ என்று உலகம் புகழத் தொடங்கியதும், மக்கள் பார்வை பதவியை விட்டு ஆள்மேல் திரும்பிவிடுகிறது. இதுதான் அவர்களுடைய வாதம். அதில் உண்மை உண்டு என்பதை என் சொந்த அனுபவத்தால் அறிவேன்.

நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற பள்ளியில், அறையின் நடுவே உயர்ந்த முதுகு வைத்த தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது. எனக்கு அது கூச்சத்தைத் தந்தது. பொருள் வைக்கும் அறைக்கு அதனை அனுப்பிவிட்டுச் சாதாரண மர நாற்காலியில் அமர்ந்தேன். இளைய ஆசிரியர்கள் பாராட்டினார்கள். ஓய்வுபெறும் நிலையிலிருந்த தமிழாசிரியர் ஒருவர் மட்டும் மாலையில் தனியே வந்தார். “ஐயா, அந்த நாற்காலி தங்களுடையதன்று, பள்ளியினுடையது. அதில் இதுவரை அமர்ந்தவர்கள் எல்லாரும் செருக்குடையவர்கள் என்று தாங்கள் சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்தேனா என்று கேட்பீர்கள். கொண்டுவரவில்லை. ஆனால் அவர் சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் முழு விடையும் இல்லை.

போப்பாண்டவர் பிரான்சிஸின் முறையை விரும்பாதவர்களின் நெஞ்சில் தைத்ததும் இதுவே. அவருக்கு முன்னவராகிய 16-ஆம் பெனடிக்டு அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்த்தான் தாமாகவே பதவி விலகியிருந்தார். அவர் பழைய ஆடைகளை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தவர். எனினும் தனி வாழ்வில் அடக்கமான நூலறிஞர். கர்தினாலாய் இருந்த காலத்தில் கருப்பு அங்கியும் தொப்பியுமாகப் பேராலய முற்றத்தைக் கடந்து அலுவலகத்துக்கு நடந்தே செல்வார். புதியவரின் எளிமையைப் புகழ்ந்தவர்கள் பழையவரைச் செருக்கர் ஆக்கிவிட்டார்கள் என்று அவர்மேல் அன்புடையோர் நொந்தது இயல்பே.

அவர்கள் வேறொன்றையும் எடுத்துக்காட்டினர். எந்த அசிசி நகர்ப் பிரான்சிஸின் பெயரைப் புதியவர் சூடினாரோ, அந்த அருளாளர் தமக்கென ஒரு காசும் வைத்துக்கொள்ளாதவர். ஆயினும், வழிபாட்டுக்குரிய கிண்ணங்கள் விலையுயர்ந்தனவாய் இருத்தல் வேண்டும் என்று கடிதம் எழுதியவரும் அவரே. ஏழையின் வீட்டில் பொன் இல்லை. அவன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய பொன் கோயிலில்தான் உண்டு. இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கு 2013-இல் தோன்றியதன்று. 1958-இல் பதவியேற்ற 23-ஆம் யோவான், அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாளே உரோமாபுரிச் சிறைக்குச் சென்று கைதிகளைக் கண்டார். 1963-இல் முடிசூடிய 6-ஆம் பவுல், மறு ஆண்டு நவம்பரில் அம்மூன்றடுக்கு முடியைக் கழற்றி ஏழைகளுக்கென்று பீடத்தின்மேல் வைத்துவிட்டார். அம்முடி பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, வாசிங்டன் நகரப் பேராலயம் ஒன்றில் காட்சிப் பொருளாயிற்று. 1978-இல் வந்த முதலாம் யோவான் பவுல் முடிசூட்டு விழாவையே வேண்டாமென்றார். ஆட்கள் தோளில் சுமக்கும் அரியணையையும் முதலில் மறுத்து நடந்தே சென்றார். ஆனால் பின்வரிசையில் நின்றவர்களுக்கு அவர் கண்ணில் படவில்லை! மக்கள் காண வேண்டும் என்பதற்காகவே அவர் மீண்டும் அதில் ஏற நேர்ந்தது. ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கும் பொருளில் மக்களின் தேவையும் கலந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி, பிரான்சிஸ் தாமே என்ன சொன்னார் என்று பார்ப்போம். அவ்வாண்டு சூன் 7-ஆம் நாள் இயேசு சபைப் பள்ளிகளின் மாணவ மாணவியர் அவரைக் காண வந்தனர். எழுதிக் கொணர்ந்த உரையை ஒதுக்கிவைத்து, அவர்கள் கேட்ட வினாக்களுக்கு விடையளித்தார். அரண்மனையை ஏன் துறந்தீர்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். செல்வத்தைப் பற்றியது மட்டுமன்று அது. தம் இயல்பைப் பற்றியது. தமக்கு மக்கள் நடுவே வாழ்தல் வேண்டும். தனித்திருப்பது தம் மனநலத்துக்கு ஆகாது என்று அவர் நகைச்சுவையோடு விடை சொன்னார். அவ்வரண்மனை அறைகள் பெரியவையே ஒழிய ஆடம்பரமானவை அல்ல என்றும் பின்னர் ஒரு பேட்டியில் விளக்கினார். உலகம் துறவு என்று புகழ்ந்ததும், சிலர் கண்டனம் என்று நொந்ததும், அவர் வாய்மொழியின்படி பெரும்பாலும் தனிமைக்கு அஞ்சிய ஒருவரின் தேவை! இந்த விடையை எத்தனை பேர் செவிமடுத்தனரோ!

உடையும் உறையுளும் இவ்வாறாக, உண்மையான வினாவை எழுப்பியது வேறொரு செயல். பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவது மரபு. இயேசு தம் சீடர்க்குச் செய்ததன் நினைவு அது. ஆடவரையே தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. பதவிக்கு வந்து 15 நாள் கழிந்த நிலையில் பிரான்சிஸ் சிறுவர் சிறை ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்த பன்னிருவரின் பாதங்களைக் கழுவி முத்தமிட்டார். அவர்களுள் இருவர் பெண்கள், இசுலாமியரும் இருந்தனர். கண்டோர் பலர் கண்ணீர் உகுத்தனர். ஆனால் வேறோர் ஊரில், விதியைக் காட்டிப் பெண்களை மறுத்துவந்த பங்குக் குரு என்ன செய்வார்? தலைவரே மீறியதைத் தாம் எப்படிக் காப்பார்? விதியை முதலில் மாற்றிப் பின்னர்ச் செயற்பட்டிருக்கலாமே என்று கேட்டவர்களை நான் குறை கூற மாட்டேன். பள்ளி நடத்தியவன் என்ற முறையில் எனக்கும் அந்த ஐயம் உண்டு. விதி 2016-ஆம் ஆண்டு சனவரியில்தான் மாற்றப்பட்டது. ஆனால் அச்சிறையின் சிறுமியர் அதுவரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

2025-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள் பிரான்சிஸ் மறைந்தார். முன்னைய வழக்கப்படி மூன்று பேழைகளுள் வைக்காமல் ஒரே மரப்பேழையில், புனித மரியா பெருங்கோயிலில் அவரை அடக்கம் செய்தனர். கல்லில் இலத்தீன் மொழியில் அவர் பெயர் மட்டும் உண்டு. மேலே அந்தப் பழைய சிலுவையின் படி ஒன்று.

மே 8-ஆம் நாள் அதே மாடத்தில் 14-ஆம் சிங்கராயர் தோன்றினார். தோளில் சிவப்பு மேலாடை இருந்தது. முன்பு வருந்தியவர்கள் மகிழ்ந்தார்கள். முன்பு மகிழ்ந்தவர்களிற் சிலர் ஐயுற்றார்கள். பெரு நாட்டின் எளிய மக்களிடையே பல்லாண்டு பணிபுரிந்தவர் அவர். அவ்வாண்டு அக்டோபரில் அவர் வெளியிட்ட முதல் பெரிய மடல் ஏழைகளைப் பற்றியது. அதனை எழுதத் தொடங்கியவர் பிரான்சிஸ். எழுதி முடித்தவர் இவர்.