குருதியை உறைவிக்கும் புரதம்

தேயிலை மலையிலே கவ்வாத்துக் கத்தி பட்ட விரலிற் சிறிது நேரம் குருதி கசிந்து, பின் தானே நின்றுவிடுகின்றது. எளிதாகத் தோன்றும் இச்செயலின் பின்னே பல புரதங்களின் ஒழுங்கான உழைப்பு உண்டு. கொழுந்து வாட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, நொதித்து, உலர்ந்த பின்னரே தேயிலையாகின்றது. இடையில் ஒரு பொறி நின்றால் அடுத்த வேலை தடைப்படும். குருதியிலும் ஒரு புரதம் மற்றொன்றைத் தூண்ட, இறுதியிற் பைபிரின் என்னும் நாரிழை வலையாகப் படர்ந்து காயத்தை மூடுகின்றது.

இவ்வரிசையில் எட்டாங் காரணி என்னும் புரதம் குன்றினால் ஈமோபீலியா நோய் தோன்றும். ஒன்பதாங் காரணி குன்றினும் அத்தகைய நோயே உண்டாம். பெரும்பாலும் ஆண்மக்களையே இது வருத்தும். தாய் நோயற்றவளாயினும் அவள்வழியாக மகனுக்கு வரலாம். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னறியாவகை புதிதாகவும் தோன்றும். ஆதலின் இதனைச் சாபமென்றோ செய்வினையென்றோ கருதுதல் அறியாமையாம்.

முன்னாளில் இப்புரதத்தைப் பிறர் ஈந்த குருதியினின்றே பிரித்தெடுத்தனர். 1980ஆம் ஆண்டுகளில் எச்.ஐ.வி. கிருமி அவ்வழியே புகுந்து, நோயாளர் பலரை மாய்த்தது. 1984இல் எட்டாங் காரணியின் பரம்பரையலகு பிரித்தறியப்பட்டது. அதனை ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் கலங்களிற் சேர்த்தபோது, அக்கலங்கள் மனிதப் புரதத்தை ஆக்கித் தந்தன. மீள்சேர்க்கைப் புரதம் எனப்படுவது இதுவே. 1992இல் அமெரிக்காவில் இது மருந்தாக ஏற்கப்பட்டது. ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய புரதம் பயன்படுகின்றது. மருந்தையே பயனற்றதாக்க உடல் தோற்றுவிக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறிய அது துணைசெய்யும்.

இம்முயற்சியில் தமிழகத்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஒருபடி மேற்சென்றது. கடும் நோயுற்ற ஐவரின் குருதி ஆக்கும் மூலக்கலங்களை எடுத்து, எட்டாங் காரணியை ஆக்கவல்ல பரம்பரையலகை அவற்றிற் புகுத்தி, மீண்டும் அவர்தம் உடலிலேயே செலுத்தினர். 2024இல் வெளியான அறிக்கையின்படி, கண்காணித்த காலத்தில் ஐவருள் எவருக்கும் மீண்டும் குருதிப்பெருக்கு நிகழவில்லை. ஐவர் சிறுதொகையே, எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு.

நம் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராயும், இல்லங்களிற் பெற்றோராயும் இருப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இந்நோயில் மேற்றோற் கீறலினும் மூட்டினுள்ளே குருதி கசிதலே பெருந்தீங்கு. முழங்கால் அடிக்கடி வீங்கும் சிறுவனை, விளையாட்டுக்கு அஞ்சுபவனென்றோ சோம்பேறியென்றோ கடிதல் கூடாது. பல் பிடுங்கியபின் குருதி நில்லாமை, சிறு மோதலிற் பெரிதாகக் கன்றுதல் ஆகியனவும் அறிகுறிகளே. அத்தகையோருக்கு அஸ்பிரின் கொடாது, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அழைத்துச் சென்று குருதியைச் சோதிப்பித்தல் வேண்டும். காலத்தில் அறிந்தால் மூட்டு முடமாகாது காக்கலாம்.