பாலியல் சுரண்டலுக்கு உள்ளான சிறாரும் சேவை ஒருங்கிணைப்பும்: மலேசியச் சூழலில் ஒரு பார்வை

முன்னுரை

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாகும். இஃது எந்தவொரு தனிக் குழந்தையின் வரலாறும் அன்று. நடைமுறையை விளக்குவதற்காகவே இங்கு அமைத்துக்கொள்ளப்பெற்றது. இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் பயிலும் பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி. இணையத்தில் அறிமுகமான ஓர் ஆடவன் அவளிடம் அன்பு காட்டிப் படங்களைப் பெற்றான். பின்னர் அவற்றைக் காட்டி அச்சுறுத்தினான். இறுதியில் வேறு சிலரிடமும் அவளை அழைத்துச் சென்றான். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தமிழாசிரியையின் மேசை அருகே நின்று, முழுமை பெறாத இரண்டு வாக்கியங்களில் அவள் இதனைச் சொல்லிவிடுகிறாள்.

அதன் பின் அவள் எத்தனை பேரிடம் இதனைச் சொல்ல வேண்டியிருக்கும்? ஆலோசக ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர், காவல் நிலைய முகப்பில் புகாரைப் பதிவு செய்பவர், விசாரணை அதிகாரி, மருத்துவர், சமூகநல இலாகா அதிகாரி, அரசுத் தரப்பு வழக்கறிஞர் என எண்ணிப் பார்த்தால் அந்த ஆசிரியையோடு ஒன்பது பேர் ஆகின்றனர். சிலரிடம் தமிழில், சிலரிடம் மலாயில் அவள் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் அந்த நிகழ்வை மீண்டும் பட்டு அனுபவிக்கிறாள். ஒவ்வொரு முறையும் சொற்கள் சிறிது மாறுகின்றன. அம்மாற்றங்களே பின்னர் நீதிமன்றத்தில் முரண்பாடுகள் எனச் சுட்டிக்காட்டப்படவும் கூடும்.

சேவைகள் இல்லாமையினால் நேரும் துன்பம் அன்று இது. சேவைகள் பல இருந்தும் அவை ஒன்றோடொன்று இணையாமையினால் நேரும் துன்பம் ஆகும். குழந்தை ஒரு முறை சொன்னால் போதும், எஞ்சியதைப் பெரியவர்கள் தம்முள் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே ஒருங்கிணைப்பின் சாரம். மலேசியச் சட்டமும் நிறுவனங்களும் இதற்கு எந்த அளவு வழி செய்துள்ளன, இணைப்பு எவ்விடங்களில் தளர்கின்றது, தமிழாசிரியர் இச்சங்கிலியில் எங்கு நிற்கின்றார் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

சட்டம் வகுத்த கட்டமைப்பு

மலேசியா ஐக்கிய நாடுகள் சபையின் சிறார் உரிமை உடன்படிக்கையில் 1995ஆம் ஆண்டு இணைந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், அதற்கு முன் தனித்தனியே நிலவிய மூன்று சட்டங்களின் இடத்தைப் பெற்றது. அவை 1947ஆம் ஆண்டு இளையோர் நீதிமன்றச் சட்டம், 1973ஆம் ஆண்டு மகளிர், சிறுமியர் பாதுகாப்புச் சட்டம், 1991ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாப்புச் சட்டம் என்பனவாம்.

நம் பொருளுக்கு இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு இன்றியமையாதது. பாதுகாப்புத் தேவைப்படும் சிறாருக்கும் அவர்தம் குடும்பத்திற்கும் அந்தந்த வட்டாரத்தில் உள்ள சேவைகளை ஒருங்கிணைப்பதற்காகச் சிறார் பாதுகாப்புக் குழுக்களை அமைக்கலாம் என்று அப்பிரிவு கூறுகின்றது. சமூகநலத் துறை சார்ந்த பாதுகாவலர் ஒருவர் தலைமை ஏற்க, மருத்துவ அதிகாரி ஒருவரும் மூத்த காவல் அதிகாரி ஒருவரும் அதில் இடம்பெறுவர். தேவை ஏற்படும்போது உதவக்கூடிய பிறரையும் குழு தன்னுடன் சேர்த்துக்கொள்ளலாம். ஒருங்கிணைப்பு என்பது நல்லெண்ணம் கொண்ட சிலரின் விருப்பமாக மட்டும் இல்லாமல், சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது என்பதை இதனால் அறியலாம்.

2017ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் அடுத்த பெரும் படியாகும். உடலைத் தொடும் குற்றங்களோடு, பாலியல் நோக்கில் உரையாடுதல், நம்பிக்கையை வளர்த்து வலையில் வீழ்த்துதல், ஆபாசப் படங்களை உருவாக்குதல், வைத்திருத்தல் ஆகியவற்றையும் அது குற்றமாக்கியது. குற்றம் புரிந்தவர் ஆசிரியர் போன்ற நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவராயின் கூடுதல் தண்டனைக்கு உள்ளாவார். அதே ஆண்டில் இத்தகைய வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் புத்ராஜெயாவில் தொடங்கப்பெற்றது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிறார் மேம்பாட்டுக்கெனத் தனி இலாகா ஒன்றும் செயல்படத் தொடங்கியது.

இத்தகைய ஏற்பாடுகளின் தேவை சிறிதன்று. இண்டர்போல், யூனிசெஃப், எக்பாட் ஆகிய மூன்று அமைப்புகளும் மலேசியாவைப் பற்றி 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுக்குட்பட்டோருள் குறைந்தது 4 விழுக்காட்டினர் ஓராண்டுக் காலத்தில் இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கோ துன்புறுத்தலுக்கோ உள்ளானதாகக் கண்டறிந்தது. நூறு மாணவர் பயிலும் ஒரு படிவத்தில் நால்வர் என்று கொண்டால் அதன் பொருள் நமக்கு விளங்கும்.

மருத்துவமனை தந்த முன்மாதிரி

நம் நாட்டில் ஒருங்கிணைந்த சேவை முதலில் உருப்பெற்றது மருத்துவமனையிலேயாகும். துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளாகியிருக்கலாம் என ஐயுறப்படும் குழந்தைகளுக்கெனக் கோலாலம்பூர் மருத்துவமனையில் 1985ஆம் ஆண்டு ஒரு பல்துறைக் குழு தொடங்கப்பெற்றது. குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவச் சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழந்தையைப் பற்றி ஒரே இடத்தில் கூடிப் பேசும் முறை அதனால் வளர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில், அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஒரே இடத்தில் சிகிச்சை, மருத்துவச் சான்று, காவல் துறைப் புகார், ஆலோசனை ஆகியவற்றை வழங்கும் நெருக்கடி மையங்கள் தோன்றின.

இம்மையங்களின் அடிப்படை எளிமையானது: பாதிக்கப்பட்டவர் அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குப் பதிலாக அதிகாரிகள் அவரிடம் வருதல் வேண்டும். இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. உடலில் உள்ள சான்றுகள் விரைவில் மறைந்துவிடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். பள்ளியில் "நாளை பார்க்கலாம்" என்று கழியும் ஒரு நாள், மருத்துவமனையில் மீட்க இயலாத ஒரு நாளாகிவிடக்கூடும்.

விசாரணையிலும் இதே கொள்கை பின்பற்றப்படுகின்றது. காவல் துறையின் பாலியல், மகளிர், சிறார் குற்றப் புலனாய்வுப் பிரிவு, பயிற்சி பெற்ற அதிகாரியைக் கொண்டு குழந்தைக்கு ஏற்ற அறையில் நேர்காணல் நடத்தி அதனை ஒளிப்பதிவு செய்கின்றது. சிறார் சாட்சிகள் தொடர்பான 2007ஆம் ஆண்டுச் சட்டம், அப்பதிவை நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்தவும், குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காணாதவாறு திரைக்குப் பின்னிருந்தோ நேரலை வழியாகவோ குழந்தை சாட்சியம் அளிக்கவும், வினாக்களை எடுத்துரைக்க இடையாளர் ஒருவரை அமர்த்தவும் வழி செய்துள்ளது.

இணைப்பு தளரும் இடங்கள்

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் தளர்ச்சி எங்கு நேர்கின்றது? முதலாவது, கதவைப் பற்றிய குழப்பம். சிறார் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான குழந்தையைப் "பராமரிப்பும் பாதுகாப்பும்" தேவைப்படும் குழந்தையாகக் காண்கின்றது. பிறருடைய பாலியல் இச்சைக்காகச் சுரண்டப்படுதலும் அதனுள் அடங்கும். ஆனால் பாலியல் செயலுக்குத் தூண்டப்படுகின்ற, விபசார விடுதியில் காணப்படுகின்ற குழந்தையை 38ஆம் பிரிவு "பாதுகாப்பும் மறுவாழ்வும்" தேவைப்படும் குழந்தை என்கின்றது. பழைய 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கு இதில் தொடர்வதை உணரலாம். நம் எடுத்துக்காட்டில் வரும் சிறுமி எந்த அதிகாரியால், எந்த இடத்தில் கண்டெடுக்கப்படுகின்றாள் என்பதைப் பொறுத்து இவ்விரண்டில் ஒன்றுக்குள் செல்வாள். ஒன்றில் அவள் காக்கப்பட வேண்டியவள். மற்றொன்றில் திருத்தப்பட வேண்டியவள் என்ற சாயல் அவள்மீது படிகின்றது. வழக்கைப் பற்றிய கலந்தாய்வு தொடக்கத்திலேயே கூடினால்தான் இத்தேர்வு தற்செயலாக அமையாமல் காக்க இயலும்.

இரண்டாவது, மீட்டபின் வரும் காலம். கைது, மருத்துவப் பரிசோதனை, நீதிமன்ற ஆணை ஆகியவற்றிற்குப் பொறுப்பாளர் உளர். ஆறு மாதங்களுக்குப் பின் குழந்தை மீண்டும் பள்ளிக்குச் செல்கின்றதா, எந்தப் பள்ளிக்குச் செல்கின்றது, விடுபட்ட பாடங்களை யார் கற்பிப்பர், தாய்க்கு ஆலோசனை கிடைக்கின்றதா என்னும் வினாக்களுக்குத் தனியொருவர் பொறுப்பாவதில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர் என்பதே ஒருங்கிணைப்பு முறைகளில் எளிதானதும் பயன்மிக்கதும் ஆகும்.

மூன்றாவது, பள்ளிக்கும் பிற துறைகளுக்கும் இடையிலான இடைவெளி. 7ஆம் பிரிவு பெயர் சுட்டும் மூவருள் ஆசிரியர் இல்லை. எனினும் குழந்தை நாள்தோறும் காணும் பெரியவர், குடும்பத்திற்கு அடுத்து ஆசிரியரே. பிறரைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, மாணவர் தொடர்புடைய கலந்தாய்வுகளில் பள்ளி ஆலோசகரை அழைத்தல் இவ்விடைவெளியைக் குறைக்கும்.

தமிழாசிரியரின் இடம்

2001ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர், குடும்பத்தினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோரையே புகார் அளிக்கும் கடமை உடையவராகக் குறிப்பிட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இதனை எல்லார்க்கும் விரித்தது. குற்றம் நிகழ்ந்தது அறிந்தும் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்காத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். இங்கு ஒன்றைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்வது பள்ளியின் ஒழுங்கு. சட்டம் வேண்டுவது காவல் துறைக்குத் தகவல். முன்னதைச் செய்ததால் பின்னது நிறைவேறிவிட்டதாகக் கொள்ளலாகாது. 24 மணி நேரமும் இயங்கும் "தாலியான் காசே" 15999 தொலைபேசிச் சேவையின் வழி சமூகநலத் துறையின் உதவியையும் பெறலாம்.

ஆசிரியர் விசாரணை அதிகாரி அல்லர். குழந்தை தானாகச் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டல், "நீ சொன்னது நல்லது, இதில் உன் தவறு ஏதுமில்லை" என்று உறுதி கூறல், யாரிடமும் சொல்லமாட்டேன் என வாக்களியாமை, அன்றைக்கே நேரத்துடன் குறித்துவைத்துப் புகார் அளித்தல் ஆகியவையே அவர் பணி. குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தாமே அழைத்து வினவுதலும், குடும்பத்தின் மானம் கருதி இரு தரப்பையும் சமாதானப்படுத்துதலும் சான்றை அழிப்பதோடு குழந்தையை மீண்டும் ஆபத்தில் தள்ளும். தொலைபேசியில் உள்ள படங்களைச் சான்றுக்கென நகலெடுத்தலும் புலனக் குழுக்களில் பகிர்தலும் கூடா. அவற்றை வைத்திருப்பதே குற்றமாதலின் கருவியை அவ்வாறே காவல் துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

சொல்லும் பொறுப்பும்

மொழித்துறையினராகிய நமக்கு இதில் தனிப் பங்கு ஒன்று உண்டு. குழந்தை தமிழில் சொன்னது, ஆசிரியரின் குறிப்பில் "தவறாக நடந்துகொண்டான்" என்றாகி, பின் மலாய்ப் புகாரில் இன்னும் பொதுவான ஒரு தொடராக மாறினால், நிகழ்ந்தது யாது என்பதே மறைந்துவிடும். ஆகவே குறிப்பில் குழந்தையின் சொற்களையே, கொச்சையாயினும் மழலையாயினும், மாற்றாமல் எழுத வேண்டும். இடக்கரடக்கல் நம் இலக்கண மரபு போற்றும் பண்பு. ஆயினும் சாட்சியக் குறிப்பு அதற்குரிய இடம் அன்று. உடலுறுப்புகளின் பெயர்களை நலக்கல்வி வகுப்பில் தமிழிலேயே நாணமின்றிக் கற்பிப்பதும் இதன் முற்பகுதியாகும். பெயர் அறியாத ஒன்றைக் குழந்தை எவ்வாறு எடுத்துச்சொல்லும்?

நாம் எழுதும் சொற்களும் மீளாய்வுக்கு உரியன. "கற்பழிப்பு" என்னும் சொல், இழந்தது குழந்தையே என்ற பழியை அதன்மீது ஏற்றுகின்றது; "பாலியல் வன்கொடுமை" என்பது செய்தவனைச் சுட்டுகின்றது. "சிறுவர் விபசாரம்" என்னும் தொடர் குழந்தையை ஒரு வணிகத்தின் பங்காளியாகக் காட்டுகின்றது. 2016ஆம் ஆண்டில் பன்னாட்டு அமைப்புகள் கூடி ஏற்ற லக்சம்பர்க் சொல்லாட்சி வழிகாட்டி, இத்தகைய சொற்களைத் தவிர்த்துச் சுரண்டலுக்கு உள்ளான குழந்தை எனக் குறிக்குமாறு அறிவுறுத்துகின்றது. இத்தகைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதைச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவும் தடுக்கின்றது. தோட்டப்புறப் பள்ளி போன்ற சிறிய சமூகங்களில் ஊரின் பெயரே குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

மருத்துவர், காவலர், சமூகநல அதிகாரி, நீதிபதி, ஆசிரியர் ஆகிய ஐவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தும் குழந்தை கைவிடப்படலாம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் அந்த இடைவெளியிலேயே அவ்வாறு நேர்கின்றது. சட்டங்கள் 2001 முதல் இவ்விடைவெளியைக் குறைத்து வந்துள்ளன, முற்றாக நீக்கிவிடவில்லை. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் அருகிலுள்ள காவல் நிலையம், மருத்துவமனை, மாவட்டச் சமூகநல அலுவலகம் ஆகியவற்றில் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிந்து எழுதிவைத்தல் அரிய செயல் அன்று. ஆசிரியர் பயிற்சியிலும் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்வியிலும் இப்பொருள் இடம்பெறுமாயின், மேசை அருகே வந்து நிற்கும் குழந்தையின் இரண்டு வாக்கியங்கள் கேட்கப்படும். அவள் அவற்றை ஒன்பது முறை சொல்ல வேண்டிய நிலையும் மாறும்.