சந்தேகம் வந்தாலே சொல்லிவிடுங்கள்: மலையில் கால்நடை வளர்ப்போருக்கு

பழனி மலையில் ஊர்மாடு மேயும் புல்லைத்தான் காட்டுமாடும் மேய்கிறது. மன்னவனூர், பூம்பாறை பக்கம் இரண்டும் ஒரே ஓடையில் தண்ணீர் குடிக்கின்றன. கொடைக்கானல் நகருக்குள்ளேயே காட்டுமாடுகள் நடமாடுகின்றன. அதனால் இங்கே ஒரு கொட்டிலில் தொடங்கும் தொற்றுநோய் அந்தக் கொட்டிலோடு நிற்காது. பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போகும், பட்டி ஆட்டுக்குப் போகும், காட்டுக்குள்ளும் போகும். ஊர்மாட்டுக்குத் தடுப்பூசி போடலாம். காட்டுமாட்டைப் பிடித்து ஊசி போட யாராலும் முடியாது.

காட்டுக்குள் நோய் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்னிந்தியா ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1968-ல் பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய் பரவி ஏராளமான காட்டுமாடுகள் செத்தன. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து இறந்தன. மாதிரிகளைச் சோதித்தபோது அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுக்கென்று 2009-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் பட்டியலிட்ட நோய்களில் ஒன்று தன் கால்நடைக்கு வந்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், உரிமையாளர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்ல வேண்டும். அவர்கள் வழியாகச் செய்தி கால்நடை மருத்துவருக்குப் போகும். பிறருடைய விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் இதே கடமை உண்டு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டுபவருக்கும் கூலிக்கு ஆடு மேய்ப்பவருக்கும் இது பொருந்தும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த நோய் என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி சட்டம் உங்களிடம் கேட்கவில்லை. அது மருத்துவரின் வேலை, ஆய்வகத்தின் வேலை. சந்தேகம் வந்ததுமே சொல்வதுதான் உங்கள் வேலை. சந்தேகம் பொய்யானால் யாருக்கும் நட்டமில்லை.

எதைக் கண்டால் சொல்ல வேண்டும்?

கோமாரி: காய்ச்சல் அடிக்கும், வாயிலிருந்து எச்சில் நூலாக வடியும். நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வந்து உடையும். மாடு நொண்டும், தீனி எடுக்காது.

தோல் கழலை: உடம்பெங்கும் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் எழும்பும். கொசு, ஈ, உண்ணி மூலம் பரவும்.

ஆட்டுக்கொல்லி: மூக்கிலும் கண்ணிலும் சளி வடியும், வாயில் புண் வரும், கடும் கழிச்சல் இருக்கும். ஒரே வாரத்தில் பட்டியே படுத்துவிடும்.

அடைப்பான்: நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்துக் கிடக்கும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம் வரும்.

வெறிநோய்: எச்சில் ஒழுகும், அடித்தொண்டையில் கத்தும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் வெறுங்கையை விடுபவர்கள் உண்டு. ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது. அந்த எச்சிலில் உள்ள கிருமி மனிதனைக் கொல்லும். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத நோய்க்கும் அடையாளம் உண்டு. அடுத்தடுத்துக் கன்று வீசுவது, இரண்டு மூன்று உருப்படிகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நோவு வருவது, கோழிகள் கூட்டமாகச் சாவது போன்றவற்றை எல்லாம் உடனே சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது?

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு நேரே போகலாம். தொலைவில் இருப்பவர்கள் கட்டணமில்லா எண் 1962-ஐ அழைக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காட்டுமாடோ பன்றியோ குரங்கோ செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். கர்நாடகத்தின் சிமோகா காடுகளில் 1957-ல் குரங்குகள் செத்து விழுந்ததைத் தொடர்ந்துதான் கியாசனூர் காட்டு நோய் என்ற கொடிய காய்ச்சல் கண்டறியப்பட்டது. அது மனிதர்களையும் தாக்குவது. காட்டில் சாகும் விலங்கு மனிதருக்கும் எச்சரிக்கைதான்.

மருத்துவர் வரும்வரை என்ன செய்வது?

நோவுள்ள உருப்படியைத் தனியே கட்டுங்கள். அதைப் பார்ப்பவர் மற்ற மாடுகளிடம் போக வேண்டாம். மேய்ச்சலுக்கோ பொது ஓடைக்கோ விடாதீர்கள். கோமாரி கண்ட பசுவிடம் கன்றை ஊட்ட விடாதீர்கள். இளங்கன்றின் இதயத்தை அந்தக் கிருமி தாக்கிவிடும். நான்கு சதவீதச் சலவைச் சோடாக் கரைசலால் தரையையும் காலணியையும் கழுவினால் கோமாரிக் கிருமி சாகும்.

அடைப்பானாக இருக்கலாம் என்று தோன்றினால் செத்த மாட்டைத் தோலுரிக்காதீர்கள், அறுக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். உடலைத் திறந்தால் உள்ளே இருக்கும் கிருமி காற்றுப் பட்டு விதைபோல் இறுகி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மருத்துவர் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். ஓடையில் தள்ளிவிட்டால் மலைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கும் நோய் இறங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நோவு வந்த உருப்படியை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவது. வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குப் போகும் ஒரு நோயாட்டிடமிருந்து, சாயங்காலத்துக்குள் பல ஊர்ப் பட்டிகளுக்கு நோய் போய்விடும். சட்டமும் இதைத் தடை செய்கிறது.

சொன்னால் நமக்கு நட்டமா?

பால் சொசைட்டியில் பாலை வாங்க மாட்டார்களோ, வியாபாரி விலையைக் குறைப்பானோ, ஊரார் குறை சொல்வார்களோ என்ற பயம் நியாயமானது. இரண்டு மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு வாரப் பால் பெரிய தொகை. ஆனால் கோமாரிக் கிருமி அறிகுறி தெரிவதற்கு முன்பே மாட்டிலிருந்து பரவத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் மற்ற மாடுகளுக்கே முதலில் ஆபத்து. சீக்கிரம் தெரிந்தால் மாதிரி எடுத்து, சுற்றுவட்டாரத்தில் நோயில்லாத மாடுகளுக்கு ஊசி போட்டு வேலி கட்டிவிடலாம். பறவைக் காய்ச்சலுக்காக அரசு அழிக்கும் கோழிகளுக்கு இழப்பீடும் உண்டு. கோமாரிக்கு ஆண்டுக்கு இருமுறை இலவசமாகப் போடும் ஊசியைத் தவறவிடாதவருக்கு இந்தக் கவலையே பெரும்பாலும் வராது.

தகவல் சொல்வதால் ஒரு நோயையே ஒழிக்க முடியும் என்பதற்கு வெக்கையே சான்று. இந்தியாவில் அது கடைசியாகத் தெரிய வந்தது 1995-ல், நம் வடஆற்காட்டில். அதன் பிறகு ஊர் ஊராகத் தேடி, சந்தேகப்பட்ட ஒவ்வொரு மாட்டையும் சோதித்து, எங்கும் இல்லை என்று நிரூபித்த பின்னரே 2006-ல் இந்தியா வெக்கையற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். தடுப்பூசி பெரும்பங்கு செய்தது. மாட்டில் ஏதோ சரியில்லை என்று நேரத்தில் வந்து சொன்ன மாட்டுக்காரர்களும் அதற்குக் குறையாத பங்கு செய்தார்கள். கோமாரியையும் ஆட்டுக்கொல்லியையும் அதேபோல் விரட்ட இன்று நாடு முயல்கிறது. பழனி மலையில் அதன் முதல் வேலை உங்கள் கொட்டிலில்தான் இருக்கிறது.